கட்டிய வீட்டைப் பேணுதல்

அத்தியாயம் 5

போருக்குப் பிறகு வன்னியில் அரசின் வீட்டுக் கொள்கை ஒரே கணக்கில்தான் ஓடியிருக்கிறது: எத்தனை வீடு தேவை, எத்தனை வீடு கொடுத்தாயிற்று. அந்தக் கணக்கு அவசியமாக இருந்த காலமும் உண்டு. 2009 தை மாதம் கிளிநொச்சி நகரை இராணுவம் கைப்பற்றிய நாட்களில் எங்கள் வட்டக்கச்சிச் சனமும் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்து, கடைசியில் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மீளக்குடியமர வந்தவர்கள் தறப்பாளையும் தகரத்தையும் வைத்துத்தான் காணிக்குள் கால் ஊன்றினார்கள். அப்போது முதல் வேலை வீடு கட்டுவதே.

அந்த வீடுகளுக்கு இன்று பத்து வயது தாண்டிவிட்டது. ஓடு விலகுகிறது, ஜன்னல் மூலையில் சுவர் வெடிக்கிறது, மலசலகூடக் குழி நிரம்புகிறது. பூசாத சுவரோடும் சாக்குத் தொங்கும் ஜன்னலோடும் நின்றுபோன வீடுகளும் இருக்கின்றன. திட்டத்தின் கோப்பில் இவை எல்லாம் "பூர்த்தி" என்ற சொல்லோடு மூடப்பட்டவை. ஆகவே இனி வீட்டின் நிலையைப் பற்றிய கணக்கைக் குடும்பம்தான் திறக்க வேண்டும். அதை எழுத்தில் திறக்க வேண்டும். எழுத்தில் உள்ள பழுதுதான் அலுவலகத்தின் கண்ணுக்குப் பழுதாகத் தெரியும். அதை எப்படிச் செய்வது என்பதை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது.

1. உங்கள் வீடு எந்தத் திட்டத்து வீடு?

திருத்த உதவி கேட்கப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான். "வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது" என்ற பதில் போதாது. எங்கள் பகுதியில் நிற்கும் வீடுகள் பெரும்பாலும் கீழுள்ள வகைகளுக்குள் அடங்கும்.

உலக வங்கி உதவி வீடு: வடக்கு கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டத்தில் கட்டியது. போர் முடிந்த பின் ஒரு வீட்டுக்குக் கொடுத்த தொகை 325,000 ரூபா.

இந்தியன் வீடு: 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வடக்கு கிழக்குக்கு 45,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. புது வீட்டுக்கு 550,000 ரூபா, சேதமடைந்த வீட்டைத் திருத்த 250,000 ரூபா. பணம் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைப் பிடித்ததும் மண் ஏற்றியதும் வீட்டுக்காரரே. அதற்கு முன் நடந்த முதற்கட்டத்தின் 1,000 வீடுகளைக் கட்டுமான நிறுவனமே கட்டிக் கையளித்தது. உங்கள் வீடு இவற்றில் எது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

வீடமைப்பு அதிகார சபை வீடு: 1979 இல் உருவான தேசிய வீடமைப்பு அதிகார சபையின் கடனிலோ மானியத்திலோ கட்டியது. 2019 இறுதியில் ஆட்சி மாறியபோது அந்தச் சபையின் மாதிரிக் கிராமத் திட்ட வீடுகள் பலவற்றுக்குத் தவணைப் பணம் நின்றது. வடக்கில் பல குடும்பங்கள் அரைச்சுவரோடு நின்றன. உங்கள் வீடு அப்படி நின்றதென்றால் அது திருத்த வேலைக்குள் வராது. நிலுவைத் தவணை என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

சொந்தக் காசில் கட்டிய வீடு: வெளிநாட்டு உறவுகளின் உதவியிலோ, நெல் விற்ற காசிலோ, நகை அடகு வைத்தோ கட்டியது. திட்டத்தில் வராத வீடு என்பதால் எதுவும் கேட்க முடியாது என்று பலர் ஒதுங்குகிறார்கள். அனர்த்த இழப்பீடும் வீடமைப்புக் கடனும் தனியார் வீட்டுக்கும் உரியவை. ஒதுங்க வேண்டாம்.

திட்டத்தின் பெயர், ஆண்டு, பயனாளி இலக்கம், கிடைத்த தவணைகள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய வங்கிப் புத்தகம் இருந்தால் தவணை வந்த திகதிகள் அதில் இருக்கும்.

2. காணிப் பத்திரத்தைச் சரிபார்த்தல்

வட்டக்கச்சி இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான குடியேற்றத் திட்டக் கிராமம். இங்கே பெரும்பாலான காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பேர்மிற் காணிகள். சிலரிடம் அளிப்புப் பத்திரம் உண்டு. வீட்டுக்கு உதவி கேட்கும்போது கேட்பவரின் பெயரும் காணிப் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அடிக்கடி வரும் சிக்கல்கள் மூன்று.

பத்திரம் தொலைந்துவிட்டது. இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய்க் காணிப் பதிவேட்டில் தம் துண்டு இலக்கத்தைத் தேடுவிக்கலாம். பழைய பேர்மிற் இலக்கம் தெரியாவிட்டாலும் அப்பாவின் பெயரும் அயல் காணிக்காரரின் பெயரும் சொன்னால் தேடுவது எளிது.

பேர்மிற் தாத்தாவின் பெயரில் இருக்கிறது. பின்னுரித்தாளரை நியமிக்காமல் அவர் காலமாகியிருந்தால், சட்டத்தின் அட்டவணைப்படியே உரிமை போகும். முன்பு அந்த அட்டவணை ஆண்பிள்ளைகளை முன்னே வைத்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. பெண்பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். இன்று பேர்மிற் வைத்திருப்பவர்கள் பின்னுரித்தாளரை உயிரோடு இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்யுங்கள்.

கணவர் காணாமற்போய்விட்டார். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை அதற்கு நெருக்க எவருக்கும் உரிமை இல்லை. 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழி உண்டு. அரச உதவி கேட்கவும் குடும்பத்தின் சொத்து அலுவல்களைப் பார்க்கவும் அது பயன்படும். அதை எடுப்பதும் எடுக்காததும் அவரவர் முடிவு. ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதை அலுவலர்கள் சொல்லித்தர வேண்டும்.

3. மாரியில் பார், கோடையில் திருத்து

வீட்டின் உண்மையான நிலையைக் காட்டுவது கார்த்திகை, மார்கழி மழை. பங்குனி வெயிலில் பார்த்தால் எந்த வீடும் நல்ல வீடுதான். ஆகவே பார்வையிடுவதை மாரிக்கு வையுங்கள். திருத்த வேலையைக் காலபோக அறுவடை முடிந்து கையில் காசு வந்த பின் தொடங்கி, ஆவணிக்குள் முடியுங்கள்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு பென்சிலும் கொப்பியும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்.

கூரை: ஒழுக்கு விழும் இடத்துக்கு நேரே நிலத்தில் குறி போடுங்கள். ஓட்டை மேலே எங்கே என்பதை வெயில் நாளில் தேடலாம். ஓட்டுக் கூரைகளில் பாதி ஒழுக்குக் குரங்கு புரட்டிய ஓட்டால் வருவது. மிச்சம் வளை தாழ்ந்ததாலோ சிலாகை உக்கியதாலோ வரும். சிலாகையை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் அந்த இடம் கறையானுக்குப் போய்விட்டது.

சுவர்: பூச்சில் மட்டும் ஓடும் மயிர் வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகப் புறப்படும் வெடிப்பைக் கவனியுங்கள். வெடிப்பின் நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு கீறி, பக்கத்தில் திகதி எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் அத்திவாரம் இன்னும் அசைகிறது என்று பொருள். வயலை அண்டிய களிமண் நிலத்தில் கட்டிய வீடுகளில் இது கூடுதலாக இருக்கும். அந்த மண் மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கும். வெடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் பூசினால் காசுதான் வீண்.

கொங்கிறீற்: பீமிலோ தூணிலோ துருநிறக் கறை ஊறினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. இது தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்க வேண்டிய பழுது. மேசனோடு முடிக்க வேண்டாம்.

ஈரம்: சுவரின் அடியில் ஈரம் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அறை மூலையில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அங்கே யார் படுக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் கிளினிக் கொப்பியின் பிரதியும் உங்கள் விண்ணப்பத்துக்குரிய ஆவணம்.

கிணறும் குழியும்: மலசலகூடக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது இருக்கிறதா என்று அளவுங்கள். அயல் காணிக்காரரின் குழியையும் சேர்த்து அளவுங்கள்.

மின்சாரம்: ட்ரிப் சுவிட்சில் உள்ள பரிசோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். சுவிட்ச் விழாவிட்டால் அது உயிரைக் காக்காது.

ஒவ்வொரு பழுதையும் கைப்பேசியில் இரண்டு படமாக எடுங்கள். ஒன்று சுவர் முழுவதும் தெரிய, மற்றது பழுது கிட்டத் தெரிய. கிட்ட எடுக்கும் படத்தில் அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் பிடியுங்கள்.

4. எதை முதலில் திருத்துவது?

கையில் இருக்கும் காசு எல்லாவற்றுக்கும் போதாது. ஒழுங்கு தவறினால் செய்த வேலையை மறுபடி செய்ய நேரும். இந்த ஒழுங்கில் போங்கள்.

முதலில் கூரை. அடுத்தது வீட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீர்: பீலி, வாய்க்கால், சுவரை ஒட்டிய நிலத்துக்குக் கிறவல் போட்டு வெளிப்பக்கம் சரித்து விடுதல். மூன்றாவது அத்திவாரமும் பீமும். நான்காவது மலசலகூடமும் கிணறும். ஐந்தாவது கதவு, ஜன்னல், மின் இணைப்பு. பூச்சும் நிலமும் அதற்குப் பிறகு. பெயின்ற் கடைசி. விருந்தாளி கண்ணுக்குப் படும் இடத்திலிருந்து தொடங்குவது எங்கள் பழக்கம். அதை இங்கே விட்டுவிடுங்கள்.

பொருள் வாங்கும்போது மணலை நீங்களே சோதிக்கலாம். கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி இரவு முழுக்க வையுங்கள். காலையில் மணலின் மேல் சேறு தனிப் படையாக நிற்கும். அந்தப் படை மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள். கடற்கரை மணல் எந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம். அதன் உப்பு கம்பியைத் தின்றுவிடும். கொங்கிறீற் போட்ட பின் ஏழு நாளாவது தண்ணீர் விட்டு நனைய வையுங்கள். மேசன் போன பிறகு வீட்டில் இருப்பவர் செய்யும் இந்த வேலைக்குச் செலவே இல்லை. சுவரின் ஆயுளைக் கூட்டுவது அதுதான்.

அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை என்றால் உடைக்கவோ வறண்டபடி துளைக்கவோ வேண்டாம். நனைத்துக்கொண்டு முழுதாகக் கழற்றுங்கள். உடைந்த துண்டைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள்.

விறாந்தையை இழுத்து அறையாக்குவது, குசினி சேர்ப்பது போன்ற வேலைகளுக்குக் கரைச்சிப் பிரதேச சபையின் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். உள்ளூராட்சி மன்றங்களின் கட்டட அனுமதிக்கு அடிப்படை 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அனுமதி இல்லாத பகுதி பின்னாளில் கடன் எடுக்கும்போது தடையாக வரும்.

5. உதவிக்கான வாசல்கள்

கிராம அலுவலர்: எல்லா விண்ணப்பமும் தொடங்கும் இடம். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள்.

பிரதேச செயலகம்: வீட்டுத் தேவைப் பட்டியல், காணிக் கிளை, சமூக சேவை, தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆகிய நான்கும் இங்கே. உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளில் அளந்து எழுதக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். உங்கள் பட்டியலும் படங்களும் ஆயத்தமாக இருந்தால், அவர் மதிப்பீட்டில் அந்தப் பழுதுகள் விடுபடாது.

தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாவட்ட அலுவலகம்: திருத்தக் கடனுக்கும் நின்றுபோன தவணைக்கும் உரிய இடம். பேர்மிற் காணியை அடமானம் வைத்து வங்கியில் கடன் எடுப்பது கடினம் என்பதால் பிணையாளியோடு தரும் கடன்களைப் பற்றிக் கேளுங்கள்.

அனர்த்த முகாமைத்துவம்: 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளமோ புயலோ வீட்டைத் தாக்கினால், துப்புரவு செய்யத் தொடங்குமுன் படம் எடுங்கள். சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். அன்றே கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவசரத்துக்கு 117 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016 இல் தொடங்கிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதி ஒரு வீட்டுக்கும் உடைமைக்கும் 25 இலட்சம் ரூபா வரை உச்ச வரம்பு வைத்தது. இழப்பீட்டுத் தொகை சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். ஆகவே நடைமுறையில் உள்ள சுற்றறிக்கையின் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாரக் கடன்: வீட்டு வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கும் நுண்கடனை வீட்டைத் திருத்த எடுக்காதீர்கள். கூரை வருமானம் தராது. வாரத் தவணை மட்டும் தவறாமல் வரும். ஐந்தரை இலட்சம் போதாமல் அப்படிக் கடன்பட்டு வீட்டை முடித்த குடும்பங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்காக அரசே 2018 இல் நுண்கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

6. மாதிரிக் கடிதம்

பிரதேச செயலாளர்,
பிரதேச செயலகம், கரைச்சி.
(கிராம அலுவலர் ஊடாக)

வீட்டுத் திருத்த உதவி கோரல்

நான் ........ கிராம அலுவலர் பிரிவில் ........ இலக்கக் காணியில், ........ திட்டத்தின் கீழ் ........ ஆம் ஆண்டு கட்டிய வீட்டில் வசிக்கிறேன். குடும்ப அங்கத்தவர் ........ பேர். அவர்களுள் முதியோர் ........, சிறுவர் ........, மாற்றுத்திறனாளி ........ .

வீட்டில் காணப்படும் பழுதுகள்: (1) ........ (2) ........ (3) ........ . இவற்றுள் ........ உயிராபத்து விளைவிக்கக் கூடியது.

தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி மதிப்பீடு செய்விக்குமாறும், எனது பெயரைத் திருத்தத் தேவைப் பட்டியலில் சேர்த்து அதை எழுத்து மூலம் அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: காணிப் பத்திரப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, படங்கள்.

கடைசி வேண்டுகோளை விடாமல் எழுதுங்கள். "பட்டியலில் சேர்த்து எழுத்து மூலம் அறியத்தருமாறு" என்று கேட்டால்தான் கடிதத்துக்குப் பதில் தர வேண்டிய கடமை தெளிவாகும்.

7. பதில் வராவிட்டால்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அதற்கும் மேலே கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

"எனக்கு ஏன் வீடு தரவில்லை" என்பது முறைப்பாடு. அதற்குத் தகவல் அலுவலரிடம் பதில் இராது. ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் கிராம அலுவலர் பிரிவின் திருத்தத் தேவைப் பட்டியல், அதில் எனது வரிசை இலக்கம், தெரிவுக்குரிய புள்ளித் திட்டம், இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை. இந்திய வீட்டுத்திட்டத்தில் புள்ளி முறையில் பயனாளிகளைத் தெரிந்தபோது, ஒருவர் இருவராக வாழும் குடும்பங்கள் பின்தள்ளப்பட்டன என்ற முறைப்பாடு வடக்கில் பரவலாக எழுந்தது. தனித்து வாழும் முதியவர்கள் தம் புள்ளியை அவசியம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

8. தனி வீட்டிலிருந்து ஊர்ப் பட்டியலுக்கு

இலங்கை அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை போதிய உணவு, உடை, வீடு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்தை அரச கொள்கையின் வழிகாட்டும் தத்துவமாக வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தத்துவங்களை வைத்து நீதிமன்றத்தில் வழக்காட முடியாது என்று 29 ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டு சமூக வீடுகளுக்கு ஒரு தரநிலை வைத்தார்கள்: ஆபத்து இருக்கக் கூடாது, பழுது பார்த்திருக்க வேண்டும், வசதிகள் இருக்க வேண்டும், குளிர் தாங்க வேண்டும். 2020 இல் ரோச்டேல் நகரில் பூஞ்சணம் பிடித்த சமூக வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்த பின், பழுதைக் குறித்த காலத்துக்குள் திருத்தச் சட்டமே வந்தது. அங்கே வீட்டுச் சொந்தக்காரர் சபையோ நிறுவனமோ. இங்கே வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. அதனால் திருத்தும் பாரமும் உங்கள் தலையில் என்று அரசு விலகி நிற்க முடிகிறது. போரில் எல்லாம் இழந்த குடும்பத்திடம் போதாத தொகையில் வீட்டைக் கட்டச் சொல்லிவிட்டு, பத்து வருடத்தின் பின் பழுதையும் நீயே பார் என்பது நியாயம் ஆகாது.

கொள்கை வகுப்பவர்களோடு பேச எங்களிடம் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். ஒரு வீட்டின் விலை 21 இலட்சம் ரூபா அளவில் சொல்லப்பட்டது. எங்கள் வெயிலுக்கும் எங்கள் மேசனின் கைக்கும் அது ஒத்துவராது என்று பொறியியலாளர்களும் மக்களும் எதிர்த்தார்கள். திட்டம் அந்த வடிவில் நடக்கவில்லை. ஊரில் கிடைக்கும் பொருளால், ஊர்த் தொழிலாளியால் திருத்தக் கூடிய வீடே வேண்டும் என்ற அந்த வாதம் இன்றும் செல்லும். அதன் அடுத்த படி, கட்டும் தொகையோடு திருத்தும் தொகையும் ஒவ்வொரு திட்டத்திலும் இருக்க வேண்டும் என்று கேட்பது.

அதைத் தனியொருவராகக் கேட்டால் எடுபடாது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து மாரி முடிந்ததும் ஓர் ஊர்ப் பட்டியல் தயாரிக்கலாம். வீதி வீதியாக இருவர் போய், ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு நிரல் நிரப்பினால் போதும்: திட்டமும் ஆண்டும், காணிப் பத்திர நிலை, கூரை, சுவரும் பீமும், மலசலகூடமும் கிணறும், வீட்டில் உள்ள முதியோர், நோயாளர், மாற்றுத்திறனாளிகள். உயிராபத்தான வீடுகளைத் தனியே எண்ணுங்கள். பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் கொடுத்து, மூன்றிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு பேசப்படும் கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு போங்கள். எத்தனை வீடு கட்டினோம் என்று அவர்கள் எண்ணிக்கை சொல்லும்போது, அவற்றில் எத்தனை வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் நிற்கிறது என்ற எண்ணிக்கையை நீங்கள் மேசையில் வைக்கலாம்.